எண்பத்திரண்டு நிமிடம்

ஜனவரி 9

அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் இருமல் விட்டதா, அண்ணியின் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா என்று மறக்காமல் எழுது.

இந்தக் கடிதமும் வழக்கம்போல 71ஆம் நம்பர் பஸ்ஸில்தான் வருகிறது. உன் மாப்பிள்ளை இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டி வந்து, உன் ஆபீஸ் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் போட்டுக்கொள்ளும் அண்ணன் தங்கை நாம் மட்டும்தான் என்று லேபில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களை ஒருநாள் உன் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். முப்பத்தெட்டு கிலோமீட்டர், முப்பத்து நான்கு ஸ்டாப். உன் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் போச்சு. போனில் பேசலாம் என்றால், உன் ஆபீஸ் போன் மேனேஜர் மேஜையில் இருக்கிறது, எங்கள் லேப் போன் டாக்டர் மேஜையில் இருக்கிறது.

இந்த வாரம் எனக்கு ஒரு அதிர்ச்சி. நாலு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு ஐந்தாம் நாள் வேலைக்குக் கிளம்பினேன், எங்கள் ஸ்டாப்பைக் காணோம். சைக்கிள் கடை இல்லை, அதை ஒட்டிய சந்து இல்லை, நான் எப்போதும் சாய்ந்து நிற்கும் கம்பம்கூட இல்லை. அந்த இடத்தில் ஆறு ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் மேம்பாலத்தை ஒட்டிய சர்வீஸ் ரோடு அங்கே வருகிறது என்றார்கள். இரண்டு வருடமாக நாங்கள் குடியிருக்கும் தெரு எனக்கே முகம் கொடுக்க மாட்டேன் என்கிறது.

சரி, நல்ல விஷயத்துக்கு வருகிறேன். மேம்பாலம் திறந்ததும் 71க்குப் புது நேரம் குறிக்க, பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீயே அவர் பஸ்ஸில் ஏறப் போகிறாயாமே. ஊரில் உள்ள பஸ்ஸுக்கெல்லாம் நேரம் போடுகிறவன் என்று உன்னை ஆபீசில் 'நிமிஷம்' என்று கூப்பிடுவதை இவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இப்போது மச்சான் முதல்முறையாகத் தன் வண்டியில் ஏறப் போகிறார் என்று, டிப்போவில் கழுவிய பஸ்ஸை மறுபடியும் தன் கையால் துடைக்கிறார். எங்கள் கல்யாணத்தில்கூட மனுஷன் இவ்வளவு பரபரக்கவில்லை.

பதில் போடு.
உன் வாலு

ஜனவரி 21

வாலுவுக்கு,

இருமல் போய்விட்டது. அண்ணியின் முழங்கால் படியேறுகிறது, இறங்கும்போதுதான் திட்டுகிறது. உன் காய்ச்சலைப் பற்றி மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன்?

ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம் முடிந்தது. எண்பத்திரண்டு நிமிடம்! முன்பு நூற்றிப் பத்து. ஸ்டாப்வாட்சை நானே மூன்று தடவை பார்த்தேன். காலை ஏழு மணிக்கு எடுத்தார், மேம்பாலத்தில் ஏறியதும் பறந்தார். சோதனை ஓட்டம் என்று போர்டு மாட்டியிருந்ததால் ஆள் ஏற்றவில்லை, ஸ்டாப்களில் வேகத்தைக் குறைத்ததோடு சரி. உன் வீட்டுக்காரருக்கு மச்சான் முன்னால் கைவரிசையைக் காட்ட வேண்டும் என்று ஆசை. நான் என்னத்தைச் சொல்ல? மேலே இருந்து பார்க்கும்போது நம் ஊர் இவ்வளவு பெரிதா என்று எனக்கே வாய் பிளந்துவிட்டது. பத்து வருடமாக இந்த ஊரைக் காகிதத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேனேஜருக்குப் பரம திருப்தி. எண்பதை ஒட்டி வரும் என்று அவர் முன்பே மேலிடத்தில் சொல்லி வைத்திருந்தாராம். பாலத்தின் வாயிலில் '82 நிமிடத்தில் நகரின் மறுமுனை' என்று பெரிய போர்டு வைக்கப் போகிறார்கள். பிப்ரவரி ஒன்றிலிருந்து அதுதான் ரன்னிங் டைம். எங்கள் பிரிவுக்குத் தலைவர் இடம் காலியாகிறது, அதைப் பற்றியும் மேனேஜர் லேசாகக் காதில் போட்டார்.

மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். அன்றைக்குக் கூட வந்த கண்டக்டரையும்தான், 'விசில்' என்று கூப்பிடுகிறீர்களே, அவரை.

அண்ணன்

பிப்ரவரி 17

அண்ணாவுக்கு,

நலம். அண்ணியைப் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கச் சொல்.

மேம்பாலம் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு நேராகப் போகிறது. நான் துணி மடிக்கும்போது பஸ்ஸில் போகிறவர்கள் என் பீரோவைப் பார்க்கிறார்கள். முதல் நாள் ஜன்னலைத் திறந்தேன், ஒரு வழுக்கைத் தலையர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மிரண்டுபோய்ச் சாத்திவிட்டேன்.

இதைவிடப் பெரிய கூத்து இன்றைக்கு நடந்தது. காலை ஆறே முக்காலுக்கு, தள்ளி வைத்த புது ஸ்டாப்பில் நிற்கிறேன். லேபுக்கு ஏழரைக்குப் போயாக வேண்டும். என் கூட இருபது பேர் நிற்கிறார்கள். தூரத்தில் 71 வருகிறது, ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். ஒரு மணி நேரம் முன்னால் நான் டீ கொடுத்து அனுப்பிய மனுஷன். கையைக் காட்டினேன். என்னைப் பார்த்தார். நேருக்கு நேர் பார்த்தார், அண்ணா. பார்த்துக்கொண்டே போய்விட்டார். பஸ் நிற்கவில்லை.

அப்படியே கையைத் தூக்கியபடி நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "இந்த டிரைவருக்கெல்லாம் வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்காதா?" என்றாள். நான் எதிலே போய் முட்டிக்கொள்வது? சாயங்காலம் வந்ததும் கேட்டேன். ஐந்தாவது ஸ்டாப்பிலேயே ஒன்பது நிமிடம் பின்தங்கிவிட்டாராம், நிறுத்தினால் பதினான்கு ஆகிவிடுமாம். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் மெமோ, மூன்று மெமோ வாங்கினால் ரூட்டை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உன் நிமிடத்தில் ஒரு பத்தைக் கூட்டிப் போட்டால் என்ன? சும்மா கேட்டேன்.

உன் வாலு

மார்ச் 3

வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ கையைத் தூக்கி நின்றதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

புது நேரத்துக்கு ஆட்கள் பழக இரண்டு மாதம் ஆகும். எந்த ரூட்டிலும் முதலில் இந்தப் புலம்பல் உண்டு. பஸ் வந்து சேரும் நேரத்தை உங்கள் டிப்போவில் டைம் கீப்பர் எழுதுகிறார் அல்லவா, அந்த ரிஜிஸ்டர் மாதாமாதம் என் மேஜைக்குத்தான் வருகிறது. முழு மாதமும் புரட்டினேன். எல்லா வண்டியும் எண்பத்திரண்டு, எண்பத்தைந்து, மிஞ்சினால் எண்பத்தெட்டு. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாத நேரத்தை எதைக் காட்டி நான் மாற்றுவது? நீ டிப்போ வாசலுக்கே நடந்து போய் ஏறிவிடு, இருபது நிமிட நடை உடம்புக்கும் நல்லது.

மாப்பிள்ளை அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தைத் தினமும் ஓட்டினால் போதுமே. வேடிக்கையாகச் சொல்கிறேன், அவரிடம் சொல்லாதே.

அண்ணன்

மார்ச் 19

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. அவர் கையில் கொடுக்க முடியாத கடிதம், அதனால்தான். நீயும் இதற்குப் பதிலைத் தபாலிலேயே போடு.

உனக்குத் தெரியும், ஊரில் பல கிளினிக்குகளிலிருந்து எங்கள் லேபுக்கு ரத்தமும் சிறுநீரும் வரும். குப்பிகளை எடுத்துச் சீட்டைப் படித்து வரிசையில் அடுக்குவதுதான் என் முதல் வேலை. நேற்று பஸ் டிப்போ கிளினிக் பெட்டியைத் திறந்தேன். முப்பது குப்பி இருந்தது. பதினேழாவதை எடுத்தேன். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது, அடியில் ரத்தம் தங்கியிருந்தது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று சீட்டைத் திருப்பினேன். அவர் பெயர். அவர் வயது. அவர் பேட்ஜ் நம்பர்.

குப்பியைக் கீழே போடாமல் வைத்ததே பெரிய காரியம். பக்கத்தில் இருந்த பெண் என்ன என்று கேட்டாள், தலைசுற்றல் என்றேன். காலையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், அண்ணா. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் அவர் பையைப் பார்த்தேன். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே மூடி திறக்காமல் இருந்தது. கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். முன்பு உங்கள் முனையில் பதினைந்து நிமிடம் வண்டி நிற்குமாம். இப்போது போய்ச் சேருவதற்குள் அந்தப் பதினைந்தும் ரோட்டிலேயே தீர்ந்துவிடுகிறது, வந்த சூட்டோடு திருப்ப வேண்டும். அங்கே இருந்த கழிப்பறையைப் பாலத்துக்காக இடித்துவிட்டார்கள், புதியது ரோட்டுக்கு அந்தப் பக்கம், நடைமேம்பாலத்தில் அறுபத்து நான்கு படி ஏறி இறங்க வேண்டும். "போனா எட்டு நிமிஷம். அதான் தண்ணி குடிக்கிறதில்ல" என்றார், ஏதோ சிகரெட்டை விட்டவர் மாதிரி.

ஒரு நாளைக்கு ஆறு ட்ரிப். ஒன்றரை மாதமாக இப்படி. சிறுநீரகத்தில் கல், கூடவே தொற்று என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். போன முறை சும்மா கேட்டேன். இப்போது சும்மா கேட்கவில்லை. நேரத்தைக் கூட்டு.

தங்கை

ஏப்ரல் 22

வாலுவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆபீசில் வேலை அதிகம். போன வாரம் என்னைப் பிரிவுத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். தனி மேஜை, கதவு வைத்த அறை. மகிழ்ச்சியாகச் சொல்ல வேண்டிய செய்தி.

உன் கடிதத்தைப் படித்து அதிர்ந்துவிட்டேன். மாப்பிள்ளையைக் கட்டாயம் தண்ணீர் குடிக்கச் சொல். வாழைத்தண்டு நல்லது என்கிறார்கள். ஒரு வாரம் லீவு போட்டு ஓய்வெடுக்கட்டும்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ நினைப்பதுபோல் பென்சிலால் அழித்து எழுதும் விஷயம் இல்லை அது. பாலத்துக்கே அந்தப் போர்டுதான் முகம். மார்ச் மாத ரிஜிஸ்டரும் சுத்தமாக இருக்கிறது. இந்த நிலையில் நானே போய், என் தங்கை கேட்கிறாள், கூட்டுங்கள் என்றால் கைகொட்டிச் சிரிப்பார்கள். அன்றைக்கு அவர் கொஞ்சம் நிதானமாக ஓட்டியிருந்தால் இந்த வினையே இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்

மே 6

அண்ணாவுக்கு,

தனி அறை கிடைத்ததற்கு வாழ்த்துகள். அண்ணியை நான் கேட்டதாகச் சொல்.

அவருக்கு முதல் மெமோ வந்துவிட்டது. ரிஜிஸ்டர் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது எப்படிச் சுத்தமானது என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் டிப்போ டைம் கீப்பர் இரக்கமுள்ள மனுஷர். மகராசன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நூறு நிமிடத்தில் வந்தாலும் நூற்றிப் பத்தில் வந்தாலும் எண்பத்தைந்து என்று எழுதிவிடுவாராம், டிரைவர்கள் பிழைக்கட்டும் என்று. போன வாரம் அவர் லீவு. பதிலுக்கு வந்தவர் உள்ளதை உள்ளபடி எழுதினார், ஒரே நாளில் ஏழு பேருக்கு மெமோ.

அண்ணா, நீ பார்த்துக்கொண்டிருப்பது பொய் ரிஜிஸ்டர். இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது, மகராசன் வேலைக்கு உலை வைத்துவிடாதே. ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்கு ஏன் அப்படிப் பேய் மாதிரி ஓட்டினீர்கள் என்று அவரைக் கேட்டேன். உன் கடிதத்தைப் படித்த கோபத்தில் நிறையவே கேட்டுவிட்டேன். மச்சான் முன்னால் பவுசு காட்டப்போய் ஊரையே ஓட வைத்துவிட்டீர்கள் என்றேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "ஓட்டிட்டேன், விடு" என்றார். இரண்டு நாளாக அவரோடு நான் பேசவில்லை.

நீ ஒன்று செய். ஒரு வேலை நாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் 71ல் ஏறி உட்கார். ஸ்டாப்வாட்சும் கொண்டு வா. அது போதும்.

தங்கை

ஜூன் 11

அண்ணாவுக்கு,

மே ஆறாம் தேதி எழுதினேன். பதில் இல்லை. நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

நேற்று முன்தினம் காலை எட்டே காலுக்கு, மேம்பாலத்தின் நடுவில் அவர் மயங்கிவிட்டார். வலி வந்ததும் வண்டியை ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார். உள்ளே எண்பது பேர். பாலத்தில் இறங்க வழியில்லை, ஆம்புலன்ஸ் ஏற வழியில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தனவாம். விசில்தான் அவரை முதுகில் சுமந்துகொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்து கீழே இறக்கியிருக்கிறார். பிழைத்துவிட்டார். ஒரு சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. இனி பஸ் ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருட டிரைவரிடம் அதை யார் சொல்வது என்று நாங்கள் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டேன். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் விசில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். "அன்னைக்கு இவர் அந்த வேகத்துல ஓட்டித் தொலைக்காம இருந்திருந்தா" என்றேன். விசில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்மா, அவரு எப்பவும் போலத்தான் வண்டிய எடுத்தாரு. உங்கண்ணன்தான் வந்து எஞ்சின் பக்கத்துல நின்னுக்கிட்டு, எண்பதைத் தாண்டக் கூடாது மாப்பிள்ளை, என் மானம் உங்க கையிலன்னாரு. ஸ்டாப்ல நிக்க வேணாம்னதும் அவருதான்."

விசில் இன்னும் ஏதோ பேசினார், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து மாதமாக நீ எனக்கு எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கைவரிசையைக் காட்ட ஆசை என்றாய். நிதானமாக ஓட்டியிருந்தால் வினையில்லை என்றாய். நான் அவரை வாய்க்கு வந்தபடி கேட்டேனே, அப்போதுகூட அந்த மனுஷன் உன் பெயரை எடுக்கவில்லை.

இது உண்மையா? ஒரே வரியில் எழுது.

ஜூன் 17

உனக்கு,

உண்மை.

மேனேஜர் முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, எண்பதை ஒட்டிக் கொண்டுவா, இல்லாவிட்டால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னிடம் முடியாது என்று சொல்ல மாப்பிள்ளைக்கு வாய் வராது, பெண் கொடுத்த வீட்டு மூத்தவன் நான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் கடிதம் நகரவில்லை.

நேற்று ஏறினேன். உங்கள் ஸ்டாப்பில் ஆறே முக்காலுக்கு. முதல் பஸ் நிற்கவில்லை, இரண்டாவதும் நிற்கவில்லை. மூன்றாவதில் தொங்கினேன். என் வயதில் ஒரு பெண் பாதி வழியில் கை நழுவி விழுந்தாள், பஸ் நிற்காமல் போயிற்று, ஒருவரும் திடுக்கிடவில்லை. தினமும் நடக்கிறது போலிருக்கிறது. டிப்போவில் எடுத்த நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டுக் கணக்கிட்டேன், நூற்றிப் பதினேழு நிமிடம். நான்கு ஸ்டாப்பில் நிற்காமலே நூற்றிப் பதினேழு.

சோதனை ஓட்டம் பொய், வேகமாக ஓட்டச் சொன்னது நான், டிரைவர் மேல் குற்றமில்லை என்று மூன்று பக்கம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். விசாரணை ஜூலை ஏழு. மாப்பிள்ளையையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். வேலை போனால் போகட்டும்.

ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். உள்ளே வர முகமில்லை.

அண்ணன் என்று போட்டுக்கொள்ளலாமா தெரியவில்லை.

ஜூலை 8

வாலுவுக்கு,

மாப்பிள்ளை வலியில்லாமல் வீடு வந்து சேர்ந்தாரா? விசாரணை முடிந்ததும் பேசலாம் என்று ஓடி வந்தேன், அதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

நேற்று நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் சொன்னதையும் சொன்னேன், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளையைக் கேட்டார்கள். "யாரும் சொல்லல சார். நானாத்தான் ஓட்டினேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுந்து நின்று, மாப்பிள்ளை, உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். உட்காரச் சொன்னார்கள். விசிலும் ஒன்றும் ஞாபகமில்லை என்றுவிட்டார்.

அதிகாரி சிரித்துக்கொண்டே ஃபைலை மூடினார். தங்கை புருஷனைக் காப்பாற்ற இவர் பழியை ஏற்கிறார், நல்ல குடும்பம் என்றார். நான் எடுத்த நூற்றிப் பதினேழை, ஒருநாள் நெரிசல் என்று தள்ளிவிட்டார். ஒரு வாரம் போக ஐந்து மாத ரிஜிஸ்டரும் எண்பத்தைந்து என்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். மகராசனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, வாயை மூடிக்கொண்டேன். எண்பத்திரண்டு அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. எனக்கு ஒன்றுமில்லை. அதே அறை, அதே நாற்காலி.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? என்னை மன்னித்துவிட்டாரா, இல்லை இப்படியே உட்கார்ந்து அனுபவி என்று விட்டாரா? நீயாவது கேட்டு எழுது. தூக்கம் போய்விட்டது.

அண்ணன்

ஆகஸ்ட் 28

அண்ணாவுக்கு,

அவர் நடமாடுகிறார். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், நான் பக்கத்தில் நின்று குடிக்க வைக்கிறேன். அண்ணியின் முழங்காலைப் பற்றி நீ எழுதி வெகு நாளாயிற்று.

விசாரணையிலிருந்து வந்த அன்றே அவரைக் கேட்டேன். ஆத்திரத்தில் கத்தினேன் என்றே சொல்லலாம். மச்சான் மேல் மரியாதை, மாப்பிள்ளை மேல் மரியாதை என்று நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதையாலேயே தீர்த்துக்கட்டிவிடுவீர்கள் போலிருக்கிறது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அதனால்தான் நானும் உனக்கு எழுதவில்லை, என்ன எழுதுவது?

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஓட்ட முடியாதவருக்கு டிப்போவிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். மகராசன் ஜூலையோடு ஓய்வு பெற்றார். அவர் கூண்டில் இவரைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். டிரைவர்கள் கைதட்டி வரவேற்றார்களாம். நம்ம ஆள், நம்ம கஷ்டம் தெரிந்தவர், இனி மெமோ பயமில்லை என்று.

முதல் வாரத்திலேயே எல்லோரையும் எழுதிவிட்டார். நூற்றிப் பன்னிரண்டில் வந்தவனை நூற்றிப் பன்னிரண்டு என்று. நூற்றி இருபதில் வந்தவனை நூற்றி இருபது என்று. நாற்பத்தொரு பேர். விசில் வண்டியையும் விடவில்லை, இவரை முதுகில் சுமந்து இறக்கிய அதே விசில். விசில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "நீயெல்லாம் மனுஷனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அடுப்படியிலிருந்து பாத்திரமும் கையுமாக இவரிடம் வந்தேன். கூட ஓட்டியவர்கள் வயிற்றில் அடிக்க எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். இந்த முறை பதில் சொன்னார்:

"மகராசன் நல்லது பண்றேன்னு அஞ்சு மாசம் பொய் எழுதினாரு. அதை வச்சித்தான் எண்பத்திரண்டு சரின்னுட்டான். நானும் அப்படியே எழுதினா அது சாகிற வரைக்கும் எண்பத்திரண்டுதான். உங்கண்ணன அன்னைக்கு மாட்டிவிட்டிருந்தா நாற்காலிய விட்டுத் தூக்கியிருப்பான். வேற ஒருத்தன் வந்து உட்கார்ந்திருப்பான். அவனுக்கு இந்த ரிஜிஸ்டரு வெறும் காகிதம். உங்கண்ணனுக்கு அப்படி இல்லையே."

கையில் இருந்த பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. நீ கேட்டிருந்தாயே, மன்னித்தாரா என்று. மன்னிப்பு கின்னிப்பெல்லாம் அவர் பேச்சில் வரவே இல்லை, அண்ணா. உன்னை அந்த நாற்காலியில் வேலைக்கு வைத்திருக்கிறார்.

ரிஜிஸ்டர் திங்கட்கிழமை உன் மேஜைக்கு வரும். உள்ளே இருக்கிற நாற்பத்தொரு பேரும் இவருக்கு வேண்டியவர்கள். அதில் பதினெட்டுப் பேருக்கு இது இரண்டாவது மெமோ. டிப்போவில் இப்போது இவரோடு ஒருவரும் பேசுவதில்லை, டீ குடிக்கக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. கூண்டில் தனியாக உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு வண்டியையும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

சீக்கிரம் செய்.

தங்கை